ஒரே கார், ஒரே குப்பி, இரண்டு ஹெட்லைட்: முட்டத்தில் ஒரு நிகழ்வு ஆய்வு

கார் 2013 மாடல் பெட்ரோல் ஹேட்ச்பேக். அது நிற்பது குமரி மாவட்டத்து முட்டத்தில், அலைச் சத்தம் கேட்கும் தூரத்தில் உள்ள ஒரு வீட்டு முற்றத்தில். கூரை கிடையாது. மூக்கு எப்போதும் மேற்கே பார்த்திருக்கும். சொந்தக்காரர் அம்மாண்டிவிளை வழியாக நாகர்கோவிலுக்குத் தினமும் போய், இருட்டிய பிறகு திரும்புகிறவர். புகார் ஒரே வரிதான்: "மழை நேரத்துல லைட்டப் போட்டாலும் போடாத மாதிரிதான் இருக்கு."

பல்பை இரண்டு முறை மாற்றியும் பலனில்லை. அடுத்ததாக 100/90 வாட் பல்பு போட்டுப் பார்க்கச் சொன்னார்கள். அதைப் போடாதது நல்லதாயிற்று. இந்த ஹெட்லைட்டுக்கு உரியது எச்-4 வகை, 60/55 வாட். அதற்கு மேல் போனால் ஹோல்டர் உருகும், உள்ளே இருக்கும் வெள்ளிநிறப் பூச்சு கருகும். அதைவிட முக்கியம், மங்கிய பிளாஸ்டிக் வழியே எவ்வளவு வெளிச்சத்தை அனுப்பினாலும் அது சாலையில் விழாமல் நாலாபுறமும் சிதறி எதிரே வருகிறவர் கண்ணில்தான் குத்தும். ரிஃப்ளெக்டர் ஹெட்லைட்டில் எல்.இ.டி பல்பு மாட்டினாலும் இதே கதைதான்.

இரண்டு ஹெட்லைட்டும் ஒரே நாளில் பிறந்தவை. ஆனால் மங்கியது ஒரே மாதிரி இல்லை. வலது விளக்கு முழுக்க, பெட்டியில் கிடந்த பட்டு வேட்டிபோல் மஞ்சளித்திருந்தது. இடது விளக்கில் மேல்பாதி மட்டும் லேசாகப் பனி படர்ந்ததுபோல் இருந்தது. காரணம் முற்றத்திலேயே நின்றது. காரின் இடப்பக்கம் ஒரு பெரிய அயனி மரம். உச்சி வெயிலிலிருந்து பிற்பகல் வரை அதன் நிழல் இடது விளக்கின் மேல் விழுகிறது. வலதுக்கு அந்தக் கொடுப்பினை இல்லை. உப்புக்காற்று இரண்டின் மேலும் ஒரே மாதிரிதான் அடிக்கிறது. ஆகவே "கடலோரம், உப்புக்காத்து, அதான் மங்கிப்போச்சு" என்று ஊரில் சொல்வது பாதிதான் சரி. முதல் குற்றவாளி வெயில்.

உள்ளே நடப்பது இது. ஹெட்லைட்டின் முன்பக்கம் பாலிகார்பனேட் என்னும் பிளாஸ்டிக். கல் பட்டால் உடையாது. ஆனால் கீறலுக்கும் புற ஊதாக் கதிருக்கும் தாங்காது. அதனால் தொழிற்சாலையிலேயே அதன்மேல் தலைமுடியைவிடப் பல மடங்கு மெல்லிய ஒரு கெட்டிப் பூச்சு போட்டு அனுப்புகிறார்கள். வெயிலை வாங்கிக்கொள்வது அந்தப் பூச்சுதான். வருஷக்கணக்கில் வாங்கி வாங்கி அது தேய்ந்து, கண்ணுக்குத் தெரியாத வெடிப்பு விடுகிறது. வெடிப்பில் ஈரம் ஏறிப் பூச்சைத் தூக்குகிறது. தூக்கிய இடத்தில் பாலிகார்பனேட் நேரடியாக வெயிலில் வெந்து மஞ்சளாகிறது. மஞ்சள் ஆழமாக இறங்குவதில்லை, மேல்தோலோடு நிற்கிறது. தேய்த்து எடுக்க முடிவது அதனால்தான். உப்பின் பங்கு வேறு விதம். காய்ந்த உப்போடு மணலும் ஒட்டியிருக்க, காலையில் உலர்ந்த துணியால் துடைத்தால் அதுவே உப்புத்தாள் போட்ட மாதிரி. பக்கத்து மணவாளக்குறிச்சிக் கடற்கரை மணலில் கார்னெட், சிர்கான் என்னும் கடினத் தாதுக்கள் உண்டு. பாலிகார்பனேட்டுக்கு முன்னால் அவை இரும்பும் வெண்ணெயும்போல. அம்பாசிடர் காலத்துக் கண்ணாடி ஹெட்லைட்டுக்கு இந்த நோயே கிடையாது.

முன்பு நடந்த வைத்தியம்

எட்டு மாதம் முன்பு ஒரு கடையில் ரப்பிங் காம்பவுண்ட் போட்டு மினுக்கி, மேலே வாக்ஸ் தடவிக் கொடுத்திருக்கிறார்கள். அன்று பளபளப்பு. நாலாம் மாதத்தில் பழையபடி, வலதில் பழையதைவிட மோசம். இதில் வியப்பில்லை. காம்பவுண்ட் மிச்சமிருந்த கெட்டிப் பூச்சையும் ஆங்காங்கே எடுத்துவிட்டது. அந்த இடத்தை வாக்ஸ் சில வாரம் மட்டும் காத்தது. அதன்பின் பாலிகார்பனேட் அம்மணமாக வெயிலில் நின்றது. ஹெட்லைட் வேலையில் தேய்ப்பது எளிது, யாரும் செய்துவிடலாம். தேய்த்த பின் மேலே என்ன போடுகிறோம், எந்த நேரத்தில் போடுகிறோம் என்பதில்தான் வேலையே இருக்கிறது.

பிறகு வீட்டில் தேங்காய் எண்ணெய் தடவியிருக்கிறார்கள். எண்ணெய் கீறலை நிரப்புவதால் ஒரு நாள் தெளிவாகத் தெரியும், மறுநாள் புழுதி அப்பிக்கொள்ளும். டூத்பேஸ்ட் மென்மையான தேய்ப்புப் பொடி. லேசான மங்கலை எடுக்கும், இந்த வலது விளக்கு மாதிரி கேஸுக்குப் போதாது. கொசு விரட்டி ஸ்பிரே அடித்தால் பளிச்சென்று ஆகும் என்று வீடியோ போடுகிறார்கள். அதிலுள்ள டீட் என்ற மருந்து பிளாஸ்டிக்கை இளக்குவதால் வருகிற பளபளப்பு அது. பெட்ரோல், தின்னர், அசிட்டோன் மூன்றும் கூடவே கூடாது. பாலிகார்பனேட்டில் சிலந்தி வலைபோல் நுண்வெடிப்பு விழும், அதைத் திருப்பவே முடியாது. கப்பில் திரவத்தைச் சூடாக்கி ஆவி காட்டும் கிட்டும் இதே வகையறாதான்: மேல்தோலை உருக்கிச் சமப்படுத்துகிறதே தவிர பாதுகாப்பு எதுவும் தருவதில்லை, அந்த ஆவியை மூச்சில் இழுப்பதும் ஆபத்து.

தேய்க்கும் முன் பார்த்தவை

ஷாம்பு போட்டுக் கழுவியபின், நனைந்த நிலையிலேயே விளக்கைப் பார்த்தோம். தண்ணீர் பட்டதும் தெளிந்து, காய்ந்ததும் மறுபடி மங்கினால் கோளாறு வெளிப்பரப்பில். நனைந்தும் மங்கலாகவே இருந்தால் உள்பக்கம். இரண்டும் நனைந்தால் தெளிந்தன. அடுத்தது நகம். வலது விளக்கின் கீழ் ஓரத்தில் நகத்தை ஓட்டியபோது, வெயிலில் உரிந்த தோலின் விளிம்புபோல் ஒரு தடுக்கல். பழைய கெட்டிப் பூச்சு அங்கே தீவு தீவாக நிற்கிறது என்று அர்த்தம்.

வலதின் உள்மூலையில் நீர்த்துளி இருந்தது. பல்பு மாற்றியவர் பின்னால் இருக்கும் ரப்பர் மூடியைச் சரியாக அழுத்தவில்லை. மூடியைக் கழற்றி, லோ பீமை அரை மணி நேரம் எரியவிட்டு ஈரம் போனபின் மூடியை வட்டம் முழுக்க விரலால் அழுத்தி உட்கார வைத்ததோடு அது தீர்ந்தது. ஈரம் உள்ளே இருக்கும்போது வெளியே எவ்வளவு தேய்த்தாலும் விடியாது. உள்ளே வெள்ளிநிறப் பூச்சு உரிந்திருந்தாலோ, பிளாஸ்டிக்கின் உடம்பிலேயே நுண்வெடிப்பு இருந்தாலோ உப்புத்தாளை எடுக்கவே வேண்டாம், புது விளக்கு வாங்குவதுதான் கணக்கு.

தேய்ப்பு

வாங்கியது கறுப்பு வாட்டர் பேப்பர், அதாவது தண்ணீர் விட்டுத் தேய்க்கும் உப்புத்தாள் (எண் கூடக் கூட நைசு): 400 எண்ணில் அரைத் தாள், 600, 800, 1000, 1500, 2000 எண்களில் ஒவ்வொரு தாள். 9 அங்குலத்துக்கு 11 அங்குலத் தாளை ஆறு துண்டாக வெட்டினால் கைக்கு அடங்கும். தாளைச் சுற்றப் பழைய ஹவாய் செருப்பின் அடியில் தீப்பெட்டி அளவு ஒரு துண்டு. மரக்கட்டை வளைவில் படியாது. வெறும் விரலால் தேய்த்தால் விரல் பட்ட இடம் மட்டும் பள்ளமாகும். மாஸ்கிங் டேப்பை பம்பர், பானெட் விளிம்பு, ஃபெண்டர் மூன்றிலும் மூன்று அடுக்காக ஒட்ட வேண்டும். ஓர் அடுக்கு 400-ம் எண்ணுக்கு ஒரு தள்ளலுக்குத் தாங்காது. அடியில் உள்ள பெயிண்ட் போனால் ஹெட்லைட்டைவிடப் பெரிய செலவு.

வலதில் 600-ல் தொடங்கியபோது தீவுகளின் மேல் தாள் வழுக்கியது, சுற்றிலும் இருந்த மெல்லிய இடம் மட்டும் தேய்ந்தது. அப்படியே தொடர்ந்திருந்தால் மேடு பள்ளமாகியிருக்கும். 400-க்கு இறங்கி, தீவு இருந்த கீழ் ஓரத்தில் மட்டும் பத்து நிமிடம். பிறகு 600 முழுப் பரப்பிலும். இடது விளக்குக்கு 400-ம் 600-ம் தேவைப்படவில்லை. 800-ல் தொடங்கியதே போதுமானதாக இருந்தது.

கண்ணைவிட வழியும் தண்ணீர் நன்றாகப் பேசும். தொடக்கத்தில் மஞ்சள் கலந்து திரிதிரியாக வழிந்தது. பழைய பூச்சு முழுக்கப் போனபின் ஒரே சீரான வெள்ளை, கஞ்சித் தண்ணி மாதிரி. மஞ்சள் சாயல் இருக்கும்வரை அடுத்த எண்ணுக்குப் போகக் கூடாது. 600 முடிந்து துடைத்துக் காயவிட்டால் விளக்கு முழுதும் உறைபனிக் கண்ணாடி மாதிரி ஒரே வெள்ளையாகத் தெரிய வேண்டும். சொந்தக்காரர் இந்தக் கட்டத்தில்தான் பயந்தார். எல்லோரும் இங்கேதான் பயப்படுவார்கள்.

ஒவ்வொரு எண்ணுக்கும் திசையை மாற்ற வேண்டும்: 600 குறுக்காக, 800 நெடுக்காக, 1000 மறுபடி குறுக்காக. முந்தைய எண்ணின் கோடு ஒன்றுகூட மிச்சமில்லாமல் போனதா என்று அப்போதுதான் தெரியும். சந்தேகம் இருந்தால் காய்ந்த பரப்பில் பென்சிலால் கட்டம் போட்டு, அது அழியும்வரை தேய்க்கலாம். மார்க்கர் பேனா வேண்டாம், மை கீறலுக்குள் இறங்கிவிடும். எண் மாறும்போது பக்கெட் தண்ணீரையும் மாற்ற வேண்டும். 1000-ல் ஒரு நீளக் கோடு விழுந்தது. தரையில் விழுந்த தாளை அலசிவிட்டு மறுபடி எடுத்ததுதான் காரணம். ஒரே ஒரு மணல், 800-க்குத் திரும்பிப்போய் இருபது நிமிடம் வீண். முட்டத்து முற்றத்தில் கீழே விழுந்த தாள் குப்பைக்கு, பேச்சே இல்லை.

2000 முடிந்ததும் நிறுத்தியாயிற்று. கையால் தேய்த்ததில் வலதுக்கு ஒன்றே முக்கால் மணி நேரம், இடதுக்கு ஒரு மணி நேரத்துக்குச் சற்றுக் குறைவு. டிரில்லில் ஸ்பாஞ்சு மாட்டிக் காம்பவுண்ட் போடுகிறவர்கள் 1,500 ஆர்.பி.எம்-க்கு மேல் போகாமல், ஓரிடத்தில் நிற்காமல் நகர்த்த வேண்டும். பாலிகார்பனேட் இளகுவது 150 டிகிரி செல்சியஸ் வாக்கில். ஓரிடத்தில் அழுத்திப் பிடித்த டிரில்லின் உரசல் வெப்பம் மேல்தோலைக் குழப்பிவிடப் போதும். இந்தக் காரில் காம்பவுண்டே போடவில்லை. தேர்ந்தெடுத்த பூச்சு, 2000 எண்ணின் நுண்கீறலைத் தானே நிரப்பித் தெளிவாக்கும் வகை. முழுக்க மினுக்கிய பரப்பில் இந்த வகைப் பூச்சுக்குப் பிடிமானம் குறைவு.

இடது காலை, வலது மாலை

பூச்சு, துணியில் நனைத்துத் தடவும் புற ஊதாத் தடுப்பு கிளியர் கோட். ஒரு விளக்குக்கு 3 முதல் 4 மில்லி போதும். அதற்கு முன் கடைசி அலசல் முக்கியம். கடலோரக் கிணற்று நீரில் உப்பு உண்டு. அதில் அலசிக் காயவிட்டால் வெள்ளைப் பொட்டு நிற்கும், பூச்சுக்கு அடியில் அது நிரந்தரமாகும். குடிக்கிற தண்ணீர் ஒரு செம்பு போதும். பிறகு ஐசோபுரோபைல் ஆல்கஹால் தொட்டு, நூல் பிரியாத துணியால் இரண்டு முறை துடைப்பு. மருந்துக்கடை சர்ஜிக்கல் ஸ்பிரிட்டை இதற்கு எடுக்கக் கூடாது. சில வகைகளில் விளக்கெண்ணெய் கலந்திருக்கும், அது விடும் படலத்தின் மேல் பூச்சு ஒட்டாது.

வேலை நடந்தது பிப்ரவரியில். இடது விளக்குக்குத் தேய்ப்பு குறைவு என்பதால் அதை முதலில் முடித்து, காலை பத்து மணிக்கு நிழலில் பூச்சு போட்டாயிற்று. ஓரத்திலிருந்து ஓரம் வரை ஒரே இழுப்பு, அடுத்த இழுப்பு முந்தையதன் பாதியை மூடும்படி. விட்டுப்போன இடம் கண்ணில் பட்டாலும் திரும்பித் தொடக் கூடாது, பாதி காய்ந்த பூச்சு துணியோடு இழுபட்டுச் சுருங்கும். இரண்டாம் கோட்டில் அது மறையும். கண்ணாடிபோல் வந்தது.

வலது முடியவே மாலை ஐந்தாகிவிட்டது. "இன்னைக்கே முடிச்சிரலாம்" என்று அதே குப்பி, அதே துணி வகை, அதே கை. மேற்கிலிருந்து ஈரக்காற்று நன்றாக அடித்துக்கொண்டிருந்தது. முதல் கோட் தெளிவாகத்தான் விழுந்தது. கால் மணி நேரத்தில் மேல்பகுதியிலிருந்து பால் கலந்ததுபோல் ஒரு வெண்மை இறங்கியது. இருட்டும் முன் விளக்கு தேய்ப்பதற்கு முன் இருந்த நிலைக்கே வந்துவிட்டதுபோல் தோன்றியது, மஞ்சள் மட்டும் இல்லை.

பெயிண்டர்கள் இதைப் பூத்துப்போச்சு என்பார்கள். பூச்சிலுள்ள கரைப்பான் ஆவியாகும்போது பரப்பு குளிர்கிறது. காற்றில் ஈரம் மிகுந்திருந்தால் அந்தக் குளிர்ந்த பரப்பில் பனிபோல் படிந்து, காயாத பூச்சுக்குள் சிக்கிக்கொள்கிறது. கடல்காற்று கொண்டுவரும் உப்பு அந்த ஈரத்தை இன்னும் பிடித்துவைக்கும். அன்று இரண்டு விளக்குக்கும் இடையே மாறியது நேரமும் காற்றும் மட்டும்தான். துடைத்துப் பார்க்கலாம் என்ற ஆசை வரும். பாதி காய்ந்ததைத் துடைத்தால் பிசின்போல் இழுபடும். அப்படியே ஒரு நாள் முழுக்க விட்டு, நன்றாகக் கெட்டியானபின் 1500-ல் முழுப் பூச்சையும் எடுத்து, 2000-ல் ஒரு முறை ஓட்டி, காலை ஒன்பதரைக்கு மேல் மறுபடி போட்டதும் இடதுக்கு இணையாக வந்தது.

நேரக் கணக்கு இந்தக் கரைக்கு இப்படி: விடியற்காலையில் பனி இருக்கும், வேண்டாம். ஒன்பதிலிருந்து பதினொன்று வரை, கடல்காற்று பலக்கும் முன், நிழலில். விளக்கைத் தொட்டால் கைக்குச் சில்லென்று இருக்கக் கூடாது, சுடவும் கூடாது. நேர் வெயிலில் போட்டால் துணி மறுமுனைக்குப் போவதற்குள் காய்ந்து கோடு கோடாக நிற்கும். ஜூன் தொடங்கிவிட்டால் தென்மேற்குச் சாரல், அக்டோபரிலிருந்து வடகிழக்கு மழை. ஜனவரி முதல் மார்ச் வரைதான் நிம்மதி. ஆரல்வாய்மொழி, முப்பந்தல் பக்கம் இருப்பவர்களுக்கு ஈரத்தைவிடப் புழுதிதான் எதிரி. காற்றாலை ஓடுகிற காற்றில் திறந்தவெளியில் பூச்சு போட்டால் அது உப்புத்தாளாகத்தான் காயும். கதவடைத்த ஷெட் வேண்டும்.

இன்னும் நீண்ட நாள் வேண்டும் என்றால் டூ-கே கிளியர் கோட், அதாவது ஹார்டனர் கலந்து அடிப்பது. கார் பாடிக்கு அடிக்கும் அதே சரக்கு. அதற்கு 2000 வரை போகவே கூடாது; 800 அல்லது 1000-ல் நிறுத்தினால்தான் பற்றும். ஹார்டனரில் ஐசோசயனேட் உண்டு. துணி மாஸ்க் அதைத் தடுக்காது, ஆஸ்துமா வரை கொண்டுபோய் விடும். வீட்டு முற்றத்தில் குழந்தைகள் நடமாடும் இடத்தில் அடிக்கிற பொருள் அல்ல. தேய்ப்பை வீட்டில் முடித்து, டேப்போடு அப்படியே பெயிண்டிங் ஷெட்டுக்கு ஓட்டிப்போய் அடித்து வாங்குவதுதான் புத்தி. வழியில் புழுதி படியும் என்பதால் அங்கே மறுபடி துடைக்கச் சொல்ல வேண்டும்.

சுவரில் பார்த்தது

24 மணி நேரம் தண்ணீர் படாமல் வைத்தபின், இரவில் வெள்ளைச் சுவருக்கு ஐந்து மீட்டர் தள்ளி, இன்ஜின் ஓடும் நிலையில் லோ பீம். வேலைக்கு முன் இதே சுவரில் ஒரு மங்கல் வட்டம்தான் தெரிந்தது; வெளிச்சத்தின் மேல்விளிம்பு எங்கே என்று சொல்ல முடியவில்லை. இப்போது விளிம்பு கத்தியால் வெட்டியதுபோல் தெரிந்தது. வலப்பக்கம் நேர்கோடு, இடப்பக்கம் மேலேறும் சாய்வு, நம் ஊர் இடப்பக்கப் போக்குவரத்துக்கு ஏற்ற வடிவம். போன் படத்தை வைத்து ஒப்பிட நினைப்பவர்கள் மேனுவல் மோடில் ஒரே அளவில் எடுக்க வேண்டும். ஆட்டோவில் விட்டால் போனே இருட்டை வெளிச்சமாக்கி ஏமாற்றிவிடும்.

விளிம்பு தெரிந்ததும் இன்னொரு கோளாறு வெளிப்பட்டது: வலது விளக்கு உயரத் தூக்கி அடித்தது. மங்கலாக இருந்தபோது சாலை தெரியவில்லை என்று யாரோ திருகைத் திருப்பியிருக்க வேண்டும். ஐந்து மீட்டரில் விளிம்பு, விளக்கின் மையத்தைவிட ஏறக்குறைய ஐந்து சென்டிமீட்டர் கீழே இருக்கும்படி இறக்கினோம். தெளிந்த விளக்கைத் தூக்கி வைத்தபடி விடுவது எதிரே வரும் பைக்காரருக்குச் செய்கிற துரோகம்.

செப்டம்பர் கடைசியில், ஒரு சாரல் பருவம் கழிந்து பார்த்தபோது இரண்டு விளக்கிலும் மஞ்சள் இல்லை. வலதின் மேல்விளிம்பில், பானெட் மூடும் இடத்தையொட்டி, அரிசி அளவில் பூச்சு தூக்கியிருந்தது. டேப்பை எடுக்கும்போது விரல் பட்ட இடம் அது. பூச்சு தொட்டால் ஒட்டாத நிலைக்கு வந்ததும், முழுக்கக் கெட்டியாவதற்கு முன், டேப்பை வெளிப்பக்கமாகச் சாய்த்து இழுக்க வேண்டும்; விட்டுவிட்டு மறுநாள் இழுத்தால் பூச்சின் விளிம்பும் கூடவே வரும். அந்த இடத்தை மட்டும் 2000-ல் தடவி, ஐசோபுரோபைல் ஆல்கஹால் தொட்டு, காது துடைக்கும் பஞ்சுக்குச்சியால் ஒரு துளி பூச்சு வைத்தாயிற்று. கார் இப்போது மூக்கை அயனி மரத்துப் பக்கம் திருப்பி நிற்கிறது.